குப்பைத் தொட்டி என்னும் உவமை பொருந்துமா?

அரிய பொருளை எளிதாக விளக்க முற்படும் ஆசிரியனுக்கு உவமையைப் போல் உதவும் கருவி வேறில்லை. ஆயினும் பொருந்தா உவமை அறியாமையினும் தீங்கு பயப்பது. அறியாதவன் கேட்பான், தவறாக அறிந்தவன் கேளான். புற்றுநோய் மருத்துவம் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் இன்று பெரிதும் கையாளும் உவமை ஒன்றுண்டு. உயிரணுவினுள் புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியாசோம் என்னும் அமைப்பை, 'உயிரணுவின் குப்பைத் தொட்டி' என்று கூறுவதே அது. ஆங்கில வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த இவ்வுவமை பொருளுக்குப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வினை, பயன், மெய், உரு என்னும் நான்கும் பற்றி உவமை தோன்றும் என வகுத்தார் தொல்காப்பியர். மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். கண்ணுக்குப் புலனாகாத நுண்பொருளில் நிறம் பற்றிய ஆராய்ச்சி வேண்டா. ஏனைய மூன்றையும் உரைகல்லாகக் கொள்வோம்.

முதற்கண் வடிவம். ஏழேழு புரதக் கூறுகளாலாகிய நான்கு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பீப்பாய் போன்றது புரோட்டியாசோமின் நடுப்பகுதி. வெட்டும் முனைகள் உள்ளே மறைந்துள்ளன. வாயிலில் காவலாக மூடியும் உண்டு. வடிவத்தால் இது தொட்டியை ஒருவாறு ஒக்கும். ஒற்றுமை பெரும்பாலும் இத்துடன் முடிகிறது.

அடுத்து வினை. தொட்டி போட்டதை எல்லாம் ஏற்கும். புரோட்டியாசோமோ பெரும்பாலும் குறியிடப்பட்ட புரதத்தையே ஏற்கும். அக்குறி, 76 அமினோ அமிலங்களாலாகிய யுபிகுவிட்டின் என்னும் சிறு புரதம். இஸ்ரேலின் ஹைபா நகரில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் ஆரோன் சிச்சனோவரும், அமெரிக்காவில் இர்வின் ரோசும் 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் கூடி ஆராய்ந்து இதனை வெளிப்படுத்தினர். 2004இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு மூவருக்கும் கிடைத்தது. எந்தப் புரதத்துக்குக் குறியிடுவது என்று தெரிந்தெடுப்பதற்கென்றே மனித உயிரணுவில் அறுநூறு வகைக்கு மேற்பட்ட நொதிகள் உள்ளன. குறியிடுவதற்கும் சிதைப்பதற்கும் உயிரணு தன் ஆற்றலைச் செலவிடுகிறது. இத்துணைத் தேர்வும் செலவும் எந்தக் குப்பைத் தொட்டிக்கு உண்டு?

மூன்றாவது பயன். இங்கேதான் உவமை அறவே வழுக்கி விழுகிறது. உயிரணு இரண்டாகப் பிரியும் முறையை நடத்தும் சைக்ளின் என்னும் புரதத்தை டிம் ஹண்ட் கடல் முள்ளெலியின் முட்டைகளில் 1982இல் கண்டார். அது சிறிது சிறிதாகச் சேர்ந்து, உரிய நொடியில் திடீரென மறைவது அவரை வியப்பில் ஆழ்த்தியது. மறைந்த சைக்ளின் பழுதுபட்டதன்று, நல்ல புரதமே. அது சிதைந்தாலன்றிப் பிரிவு நிறைவு பெறாது. ஆகவே, சிதைவு என்பது இங்குத் துப்புரவுப் பணியன்று, ஆட்சிமுறை. பழுதுற்ற புரதங்களும் இதே வழியில் அகற்றப்படுகின்றன என்பது உண்மைதான். அந்த அளவிற்குக் குப்பைத் தொட்டி உவமைக்கும் இடமுண்டு. பகுதியை முழுமையாகக் காட்டுவதே அதன் குற்றம்.

'உவமை பிழைத்தால் குடியா முழுகிவிடும்?' என்று வினவுவோர் உளர். நோயாளியின் குடியே முழுகக்கூடும் என்பதே என் விடை. புரதச் சிதைவைத் தடுக்கும் போர்ட்டிசோமிப் என்னும் மருந்து, மயிலோமா என்னும் எலும்பு மச்சைப் புற்றுநோய்க்காக 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குப்பைத் தொட்டி உவமையைப் படித்த ஒருவர், 'குப்பை சேர்ந்ததால் நோய் வந்தது. உடம்பைக் கழுவினால் நோய் போகும்' என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணத்தால் கழிவு நீக்கும் என்று விற்கப்படும் பொருள்களை நாடுவர். பச்சைத் தேயிலைச் சாறும் அவற்றுள் ஒன்று. ஆனால் அத்தேயிலையிலுள்ள ஒரு பொருள் போர்ட்டிசோமிப்போடு பிணைந்து, அதன் வலிமையைக் கெடுப்பதை ஆய்வுக்கூடத்திலும் சுண்டெலிகளிலும் நடந்த ஆராய்ச்சி 2009இல் காட்டிற்று. மருத்துவரைக் கேளாமல் உட்கொண்ட 'துப்புரவு' மருந்துக்கே பகையாகக்கூடும். இவ்வாறு பிழைபட்ட உவமை நோயாளியின் கைக்கே போய்ச் சேர்கிறது.

அப்படியாயின் வேறு உவமை யாது? பால்மரத் தோட்டங்களை அறிந்தோர்க்கு ஒன்று சொல்வேன். நெருங்க நட்ட மரங்கள் வளர்ந்தபின், பால் குறைந்தவற்றுக்குச் சாயத்தால் குறியிட்டுச் செல்வார் ஒருவர். பின்னால் வருவோர் குறியுள்ள மரங்களைச் சாய்ப்பர். சாய்ப்பவர் ஆராய்வதில்லை, குறியைப் பார்த்தே வேலை செய்வார். அறிவெல்லாம் குறியிடுபவரிடம் உள்ளது.

இவ்வுவமையைக் கொண்டு நோயை நோக்குவோம். கருப்பை வாய்ப் புற்றுநோயை விளைக்கும் பாப்பிலோமா வைரஸ், ஈ6 என்னும் புரதத்தை உயிரணுவினுள் ஆக்குகிறது. அது குறியிடும் நொதி ஒன்றைத் தன்வயப்படுத்தி, புற்றுநோய் எழாமல் காக்கும் பி53 என்னும் காவற்புரதத்துக்குக் குறியிடச் செய்கிறது. நல்ல மரத்துக்குத் திருடன் குறியிட்டதற்கு ஒப்பானது இது. இங்கே சிதைந்தது குப்பையன்று, காவலன். மலேசியாவில் மாணவியர்க்கென 2010இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் இவ்வைரசை நுழையுமுன் தடுப்பதற்கே.

போர்ட்டிசோமிப் சாய்ப்பவரின் கையைப் பிடித்துக்கொள்கிறது. மயிலோமா அணுக்கள் நோய் எதிர்ப்புப் புரதங்களை அளவின்றி ஆக்குபவை. சிதைவு நின்றால் முதலில் திணறி மாள்பவை அவையே. எனினும் நல்ல அணுக்களுக்கும் இச்சிதைவு வேண்டுமாதலால் கை கால்களில் நரம்பு எரிச்சலும் மரப்பும் தோன்றுவதுண்டு. திண்மையான கட்டிகளில் இம்மருந்து பெரும்பயன் தரவில்லை.

இரண்டாவது வழி குறியிடுபவரின் கையைத் திருப்புவது. 1957இல் மேற்கு செருமனியில் உறக்க மருந்தாக விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கருவிலிருந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஊனமாக்கி 1961இல் அங்கு விலக்கப்பட்டது. அதே மருந்து மயிலோமாவில் பயன் தருவது 1999இல் வெளியாயிற்று. அது செரிப்ளான் என்னும் குறியிடும் கூட்டுப் பொறியின் உறுப்போடு பிணைவதை யப்பானிய அறிஞர் 2010இல் கண்டனர். அதன் வழித்தோன்றலாகிய லெனலிடோமைடு, மயிலோமா அணுக்கள் பிழைத்திருக்க வேண்டிய இகாரோஸ், ஐயோலோஸ் என்னும் புரதங்களுக்குக் குறி விழச் செய்வது 2014இல் விளங்கிற்று. ஒரு முனையில் நோய்ப்புரதத்தையும் மறுமுனையில் குறியிடும் நொதியையும் பற்றி இழுத்து இணைக்கும் மூலக்கூறுகளை அமெரிக்க அறிஞர் 2001இல் முதன்முதல் படைத்துக் காட்டினர். 2019இல் அத்தகையவை மனிதரிடையே சோதனைக்கு வந்தன. குப்பைத் தொட்டி உவமையில் இவ்விரண்டாம் வழியைச் சொல்லவே இடமில்லை. தொட்டிக்கு ஏது கை, அதைத் திருப்புவதற்கு?

எனது உவமையும் எல்லை உடையதே. மரத்தில் பூசிய சாயம் மரத்தோடு அழியும்; யுபிகுவிட்டினோ கழற்றப்பட்டு மீண்டும் பயன்படும். சாய்க்கும் வேலை சில நாள் நின்றால் தோட்டம் அழியாது. சிதைவு நின்றால் உயிரணு வாழாது. இவ்வெல்லையை மாணவர்க்குச் சொல்லாமல் விடும் ஆசிரியர் உவமையைக் கற்பித்தவர் ஆவாரேயன்றிப் பொருளைக் கற்பித்தவர் ஆகார்.

அறிவியலைத் தமிழில் எழுதுவோர் பெருகிவருவது மகிழ்ச்சிக்குரியது. பிறமொழியார் உவமையை எடுத்தாளுமுன், வினையாலும் பயனாலும் அது பொருந்துமா என்று ஒருமுறை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். படிப்பவருள் ஒருவர் நோயாளியாகவும் இருக்கக்கூடும் என்பதை எழுதுகோல் மறத்தலாகாது.