பறந்துபோகிற உறவுகள்: வேடந்தாங்கலிலிருந்து ஒரு மறுவாசிப்பு

முகநூல் நட்புப் பட்டியலைக் கத்தரிப்பது நம் எழுத்தாள நண்பர்களிடையே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அங்கே அனுமதிக்கப்படும் 5000 பேரை நிரப்பி முடித்தவர்கள்தான் முதலில் கத்தரிக்கோலை எடுக்கிறார்கள் என்பது வேடிக்கை. 'எண்ணிக்கை வேண்டாம், தரம் போதும்' என்று அறிவித்துவிட்டு நானூறு பேரை வெளியே தள்ளுகிறார்கள். அந்த அறிவிப்புக்கு எத்தனை விருப்பக்குறி விழுந்தது என்று ராத்திரி எண்ணியும் பார்க்கிறார்கள். சரி, அது போகட்டும். தரத்தைத் தீர்மானிக்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்விதான் எழவேயில்லை.

சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்தப் பேச்சு புதுசில்லை. 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தனக்குத்தானே வரம்பு கட்டிக்கொண்டார். வணிகப் பத்திரிகைகளின் லட்சங்களுக்கு எதிரான கலகம் அது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே 'தரம்' என்கிற சொல்தான், 1990களில் தலித் எழுத்து வந்து நின்றபோது, வாசலை மறித்துக்கொண்டு 'இது இலக்கியமா?' என்று விசாரித்தது. அளவுகோல் என்று சொல்லிக் கையில் கொடுக்கப்பட்டது கதவாகவும் பயன்பட்டது. இன்றைக்குக் கத்தரிக்கப்படும் நானூறு பேரில் தினமும் 'காலை வணக்கம்' போடுகிற ஒன்றுவிட்ட சித்தப்பாவும், ஒற்றுப்பிழையோடு எழுதுகிற முதல் தலைமுறைப் பட்டதாரிப் பையனும் இருப்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

உறவைத் தரம் பிரிக்க நமக்குக் கைவசம் ஔவையாரின் மூதுரை இருக்கிறது. குளம் வற்றியதும் பறந்துபோகும் பறவைகள் உறவல்ல, கூடவே கிடந்து வாடும் நீர்ச்செடிகளே உறவு என்கிற உவமை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த காரணத்தாலேயே இதை நாம் கேள்வி கேட்டதில்லை. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று வாசித்தால் இந்தப் பிரதி ஆட்டம் கண்டுவிடுகிறது.

அங்கே வருஷா வருஷம் மழைக்குப் பிறகு நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, பாம்புத்தாரா என்று ஆயிரக்கணக்கில் வந்து, தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, கோடையில் ஏரி வற்ற வற்றக் கிளம்பிவிடுகின்றன. ஊர்க்காரர்கள் யாரும் இதைத் துரோகம் என்று சொல்வதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி அவர்கள் நெல்லுக்கு உரம். பதிலுக்கு அவர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். பிள்ளைகளின் ஒரு நாள் சந்தோஷத்தை நிறுத்திவைப்பது சின்ன சமாச்சாரமில்லை. எப்போதும் கூடவே கிடப்பதை உறவின் அடையாளமாக வைக்கிறது மூதுரை. இந்த ஊரோ, வந்து போகிற ஒன்றுக்காக எதை விட்டுக்கொடுத்தோம் என்பதில் அதை வைத்திருக்கிறது. அன்பு, நெருக்கம் மாதிரியான சொற்களுக்கு இதில் பெரிய வேலை இல்லை.

இன்னொன்றும் உண்டு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டுத் தள்ளியபோது இந்த ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டு 1798இல் ஒரு கவுல் வாங்கினார்கள். நெருக்கமான வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் அது கிடைத்திருக்காது. முன்பின் உறவில்லாத, ஆள வந்த ஒருவன் வாசல்வரை போகவேண்டியிருந்தது. 'தரமான சிலர் போதும்' என்பவர்கள் இந்த இடத்தை எப்படிக் கடக்கிறார்கள் என்று பார்க்க ஆசை.

சுற்றிலும் 5 கிலோமீட்டர்வரை நீளும் சரணாலய எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை 2020இல் வெளியே தெரிந்ததும் முகநூலும் ட்விட்டரும் பொங்கின. அந்தச் சத்தத்தை மட்டமாகப் பேச எனக்கு மனசில்லை. கோப்புக்குள் கிடப்பதை நாலு பேர் வாயில் போட எண்ணிக்கை வேண்டியிருக்கிறதய்யா. ஆனால் கூழைக்கடாவின் படத்தை முகப்பில் ஒட்டிக்கொண்ட நாம் அதற்காக எதை நிறுத்திவைத்தோம்? பாதுகாப்பின் பாரத்தைத் தலைமுறைகளாகச் சுமப்பவர்கள் ஏரியைச் சுற்றிப் பயிர் வைப்பவர்கள். அந்த 5 கிலோமீட்டருக்குள் உழுகிற ஒருத்தராவது நம் பட்டியலில் இருந்தாரா? இருந்தவரை, தரம் பார்த்த நாளில் நாமே வெளியே தள்ளியிருந்தால்?