பறவைக் காய்ச்சல்: சக்கரத்துக்கு மருந்து அடித்தால் போதுமா?

கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், மறுநாள் தேனி மாவட்டச் செய்தியில் என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பாதைகளில் கால்நடைப் பராமரிப்புத் துறையின் முகாம். அங்கிருந்து திரும்பும் கோழி வண்டிகளின் சக்கரத்துக்குக் கிருமிநாசினி. கோழி, வாத்து, முட்டை ஏற்றி வந்தால் திருப்பி அனுப்புவார்கள். கடைசியில் ஒரு வரி: பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை, நன்றாக வேக வைத்துச் சாப்பிடலாம். 2014, 2021, 2024 என்று வருஷம்தான் மாறுகிறது.

இதில் எதையும் தவறென்று சொல்லவில்லை. எச்சத்தோடு ஒட்டிக்கொண்டு சக்கரத்தில் வைரஸ் வரும், அது உண்மை. 70 டிகிரி சூட்டில் அது செத்துப்போகும், அதுவும் உண்மை. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும், நோய் தார் ரோட்டில், வண்டியில், நம் கண்ணுக்குத் தெரிந்தேதான் வரும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. என் விமர்சனம் அங்கேதான்.

கேரளாவில் நோய் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் இடம் ஆலப்புழை, கோட்டயம் பக்கத்துக் குட்டநாடு. 2014 நவம்பரில் அங்கே வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2021 ஜனவரியில் எச்5என்8. 2024 ஏப்ரலில் எடத்துவா, செருதனா ஊர்களில் எச்5என்1. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை: தண்ணீர் நிற்கும் வயல், அறுப்பு முடிந்ததும் மேயவிடும் வாத்து, குளிர்காலத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டுப் பறவை. மூன்றும் ஒரே தண்ணீரில் சந்திக்கின்றன.

இப்போது கம்பம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். முல்லைப்பெரியாறு தண்ணீரில் கூடலூர் தொடங்கி இருபோக நெல். அறுத்த வயலில் வாத்துக் கிடை. குளத்தில் கொக்கும் நாரையும். பறவை சோதனைச் சாவடியில் நின்று அனுமதி கேட்காது. ஆக, முதல் சேதி ஏதோ ஒரு வீட்டுக் கொல்லையிலிருந்து வரலாம். அதை யார் சொல்வார், யாரிடம் சொல்வார், சொன்னால் அவருக்கு என்ன ஆகும்? நம் ஏற்பாட்டில் விடை இல்லாத கேள்விகள் இவை.

பத்துக் கோழி வளர்க்கும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு கோழி ஒரே நாளில் சுருண்டு விழுகிறது. அவர் மனசில் முதலில் வருவது வெள்ளைக் கழிச்சல்தான். அது வருஷா வருஷம் பார்க்கிற நோய். பார்வைக்கு இரண்டையும் பிரித்துச் சொல்ல மருத்துவராலேயே முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். இந்தியாவில் பறவைக் காய்ச்சலை உறுதி செய்யும் ஆய்வகம் போபாலில் இருக்கிறது. அக்காவின் அடுத்த யோசனை என்னவாக இருக்கும்? "சாகுறதுக்குள்ள அறுத்துருவோம்." கறியை வேக வைத்தால் ஆபத்தில்லை என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. ஆனால் ஆபத்து தட்டில் இருப்பதைவிட அறுக்கிற கையில், இறகு பிடுங்குகிற நேரத்தில் அதிகம். நம் அறிவிப்பு சாப்பிடுகிறவருக்கு எழுதப்பட்டது. அறுக்கிறவருக்கு அதில் ஒரு வரி கிடையாது.

சரி, அவர் விவரம் தெரிந்தவர், போன் செய்து சொல்லிவிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழி, வாத்தை எல்லாம் அழிப்பார்கள். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. பரவாமல் நிறுத்த இது தேவை, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தெருவில் நின்று யோசியுங்கள். ஒருத்தர் வாயைத் திறந்ததால் ஊர்க் கோழி முழுக்கப் போகிறது. 2021-இல் கேரள அரசு அறிவித்த இழப்பீடு, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், சின்னதுக்கு 100 ரூபாய். நல்ல நாட்டுச் சேவலை 200 ரூபாய்க்கு எந்தச் சந்தையில் தருவார்கள்? "உன்னாலதான் போச்சு" என்ற பேச்சை அந்த அக்கா காலத்துக்கும் கேட்க வேண்டும். வாய் திறக்கிறவருக்குத் தண்டனையும், மறைக்கிறவருக்குக் கோழிக் குழம்பும் கிடைக்கிற ஏற்பாட்டில் முதல் சேதி எப்படி வரும்?

இது கோழியோடு முடிகிற விஷயமா? 2003-லிருந்து உலகம் முழுக்க எச்5என்1 மனிதருக்கு வந்ததாக உறுதியானது 900 பேருக்கு மேல். அதில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தார்கள். லேசாக வந்து போனவர்கள் கணக்கில் விழுவதில்லை என்பதால் உண்மையான விகிதம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். இந்தியாவில் 2021-இல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவனும், 2025-இல் ஆந்திராவில் ஒரு குழந்தையும் இறந்தார்கள். இதுவரை இந்த வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குச் சுலபமாகப் பரவவில்லை. ஒருவர் உடம்பில் சாதாரண ஃப்ளூவும் இதுவும் ஒரே நேரத்தில் புகுந்து, மரபுக்கூறுகளை மாற்றிக்கொண்டால் கதை மாறலாம். 2024-இல் அமெரிக்காவில் இது கறவை மாடுகளுக்குள் புகுந்து, பண்ணையாட்களுக்கும் தொற்றியது. கோழியைத் தாண்டாது என்று யாரும் உட்கார்ந்திருக்க முடியாது.

அப்படி மாறிவிட்டால், அதன்பின் சக்கரத்தைக் கழுவிப் புண்ணியமில்லை. அப்போது பார்க்க வேண்டியது ஜீப்பை. கம்பம், கூடலூர், தேவாரம், போடியிலிருந்து விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் ஜீப்களில் பெண்கள் நெருக்கியடித்துப் போகிறார்கள், சாயங்காலம் அதே நெருக்கத்தில் இறங்குகிறார்கள். காய்ச்சல் என்றால் வீட்டில் இருக்கச் சொல்வது சுலபம். போகாத நாளுக்குக் கூலி யார் தருவது? கொரோனாவில் எல்லையை மூடியபோது இந்த வீடுகளில்தான் அடுப்பு முதலில் அணைந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகும், காய்ச்சல் நாளுக்குக் கூலி என்ற பேச்சு எந்தத் தயாரிப்பிலும் என் கண்ணில் படவில்லை.

புதிதாகப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். இருப்பதை வைத்தே செய்யலாம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக் கழிச்சலுக்குத் தடுப்பூசி முகாம் நடக்கிறது. அங்கே வருகிறவர்கள் கோழியைத் தொடுகிற ஆட்கள். சட்டென்று கோழி செத்தால் கையால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், 1962-க்குப் போன் போடுங்கள் என்று அங்கேயே சொல்லலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிற பெண்கள், "கோழி எதுவும் செத்துச்சா? வீட்ல யாருக்கும் காய்ச்சலா?" என்று கூடுதலாகக் கேட்கலாம். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். எனவே அந்தக் கேள்வி எவ்வளவு சீக்கிரம் கேட்கப்படுகிறதோ அவ்வளவு நல்லது.

முக்கியமாக, நவம்பர் 1 கிராமசபை. கேரளாவில் நோய் பலமுறை தலைகாட்டிய குளிர்காலத்துக்கும், சபரிமலைக் கூட்டம் கம்பம் வழியாகப் போகத் தொடங்குவதற்கும் சற்று முன்னால் வருகிறது அந்த நாள். முதலில் தகவல் சொல்கிறவர் பெயர் வெளியே வராது, ஊர்க் கோழி அழிக்கப்பட்டால் சந்தை விலைக்கு நெருக்கமான இழப்பீட்டை ஊரே சேர்ந்து கேட்கும் என்று நோய் வருவதற்கு முன்பே அங்கே தீர்மானம் போடலாம். தோட்ட முதலாளிகளிடம் காய்ச்சல் நாள் கூலி பற்றிப் பேசுவதையும் அதே தீர்மானத்தில் சேர்க்கலாம். உங்கள் ஊர் கிராமசபைக்குப் போகிறவராக இருந்தால், இந்த முறை இதைக் கேட்டுப் பாருங்கள்.