99 டாலர் பெட்டியும் அதைத் திறந்தவர்களும்

99 டாலர் கொடுத்து ஒரு கருவியை வாங்கியாயிற்று. அதில் தன்னுடைய இணையச் சேவை மட்டுமே ஓடும் என்று விற்ற நிறுவனம் எதிர்பார்க்கிறது. வாங்கியவரோ முதுகைக் கழற்றி, ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, லினக்ஸை ஏற்றிவிடுகிறார். சந்தா கட்டுவதில்லை. இதில் தவறு யாருடையது? 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவில் ஐ-ஓப்பனர் என்ற பெட்டியை வைத்து எழுந்த கேள்வி இது. ஏமாற்றுக்காரர்கள் என்றது ஒரு தரப்பு. என் பொருள், என் விருப்பம் என்றது மறுதரப்பு. இரண்டு வாதங்களிலும் ஓட்டை உண்டு, ஒரே அளவில் அல்ல.

முதலில் பெட்டி. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இருந்த நெட்ப்ளையன்ஸ் நிறுவனம் 1999 கடைசியில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் என்றாலே மிரளுகிற வீடுகளுக்கு இணையத்தையும் மின்னஞ்சலையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நோக்கம். பத்து அங்குல வண்ணத்திரை, 800க்கு 600 புள்ளிகள், எந்திரம் முழுவதும் திரையின் முதுகிலேயே அடக்கம். வின்சிப் செயலி, 32 எம்.பி. நினைவகம், 16 எம்.பி. ஃபிளாஷ், 56கே மோடம். கீபோர்டில் பீட்சா வரவழைப்பதற்கென்றே ஒரு பொத்தான். இயங்குதளம் க்யூ.என்.எக்ஸ். ஹார்ட் டிஸ்க் கிடையாது. தொலைபேசிக் கம்பியைச் செருகி, மின்சாரம் கொடுத்தால் போதும். எளிமையைப் பொறுத்தவரை இந்த வடிவமைப்பு உண்மையிலேயே பாராட்டத்தக்கது. வயதானவர்களுக்காக இவ்வளவு யோசித்துச் செய்யப்பட்ட கருவி அந்தக் காலத்தில் அரிது.

விலை முதலில் 199 டாலர், பிறகு 99. மாதச் சந்தா 21.95 டாலர். தட்டைத் திரை ஒன்றை மட்டும் தனியாக வாங்கப் போனாலே பல நூறு டாலர் கேட்ட நாட்களில், முழுக் கருவியும் 99 டாலர் என்றால் விற்பவர் கையைக் கடிக்கும் விலை என்பது வெளிப்படை. பெட்டியில் விட்டதைச் சந்தாவில் பிடித்துவிடலாம் என்பது திட்டம். ஓராண்டுச் சந்தா ஏறக்குறைய 263 டாலர் வரும், அதிலிருந்துதான் தொலைபேசி இணைப்புச் செலவும் போக வேண்டும். ஆகவே ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஓராண்டுக்கு மேல் நிலைத்தால்தான் கணக்கு நேராகும். அப்படி நிலைப்பார்கள் என்பதற்கு நிறுவனத்திடம் நம்பிக்கை இருந்தது, பிணைக்கும் ஒப்பந்தம் இல்லை. கடைக்குப் போய், பணத்தைக் கொடுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரலாம். சந்தா கட்டியே தீர வேண்டும் என்று எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்கவில்லை.

இந்த இடைவெளிக்குள்தான் நோண்டுபவர்கள் புகுந்தார்கள். மதர்போர்டில் ஹார்ட் டிஸ்க்குக்கான ஐ.டி.இ. ஊசிகள் அப்படியே விடப்பட்டிருப்பதை லாஸ் வேகஸைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் கண்டுபிடித்தார். ஊசிகளின் வரிசை வழக்கத்துக்கு மாறாக இருந்தது, அதற்கேற்ற கேபிள் இருந்தால் போதும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வேறொரு கணினியில் லினக்ஸை நிறுவி, இதில் மாட்டி, பயாஸில் அதிலிருந்து தொடங்கச் சொன்னால் ஐ-ஓப்பனர் முழுக் கணினியாகிவிடும். செய்தி பரவியதும் பெட்டிகள் பறந்தன.

நிறுவனம் பதறியது. அடுத்து வந்த பெட்டிகளில் ஊசிகள் வெட்டப்பட்டிருந்தன, பயாஸ் சில்லின் மேல் எபாக்சி பசை ஊற்றப்பட்டிருந்தது. சந்தாவைக் கட்டாயமாக்கி விற்பனை நிபந்தனைகளையும் மாற்றினார்கள். பசையும் வெட்டும் யாரையும் நிறுத்தவில்லை. ஊசிகளை மறுபடி பற்றவைத்தார்கள்.

இனி நிறுவனத்தின் வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். 99 டாலர் என்பது பெட்டியின் உண்மை விலை அல்ல என்பது வாங்கியவருக்குத் தெரியும். மிச்சத்தைச் சந்தாவாகத் தருவார் என்ற எதிர்பார்ப்பில் கொடுத்த சலுகை அது. தரும் எண்ணமே இல்லாமல் சலுகையை மட்டும் எடுத்துக்கொள்வது, கம்ப்யூட்டருக்குப் பயந்த ஒரு பாட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் கைவைப்பதாகும். இந்த வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. சந்தா கட்டப் போவதில்லை என்று முன்பே முடிவுசெய்து, கடையில் இருக்கும் பெட்டிகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவது சட்டப்படி குற்றமில்லை என்றாலும் அழகான செயல் அல்ல. அப்படிச் செய்தவர்களுக்காக நான் வாதாட மாட்டேன்.

ஆனால் எதிர்பார்ப்பு வேறு, ஒப்பந்தம் வேறு. அதே நாட்டில், அதே ஆண்டுகளில், செல்போன் நிறுவனங்கள் கருவியை மலிவாகவோ இலவசமாகவோ கொடுத்தபோது வாடிக்கையாளரிடம் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம் போட்டன. இடையில் விலகினால் அபராதம் என்பதை முன்கூட்டியே சொல்லின. வழி தெரியாமல் நெட்ப்ளையன்ஸ் ஒப்பந்தத்தைத் தவிர்க்கவில்லை. ஒப்பந்தம் என்று சொன்னால் 99 டாலரின் கவர்ச்சி குறையும். கவர்ச்சியும் வேண்டும், பிணைப்பும் வேண்டும், பிணைப்பை மட்டும் வெளியே சொல்லக் கூடாது என்ற ஆசை அது. விற்கும்போது சொல்லாத நிபந்தனையைப் பெட்டிக்குள் பசையாக ஊற்றுவது நியாயமில்லை.

நிறுவனத்தின் இன்னொரு நடத்தையும் இங்கே சாட்சிக்கு வருகிறது. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் அதன்மீது புகார் கொண்டுவந்தது. விளம்பரங்களில் சொன்ன அளவுக்கு இணையத்தைக் கருவி தரவில்லை, சில இடங்களில் தொலைதூர அழைப்புக் கட்டணம் சேரும் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை, பணம் வசூலித்த முறையும் சரியில்லை என்பவை குற்றச்சாட்டுகள். 2001இல் 1,00,000 டாலர் அபராதம் கட்டி நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. கட்டணத்தை மறைத்ததால் ஏமாந்தது யார்? லினக்ஸ் ஏற்றியவர்கள் அல்ல. கருவி யாருக்காகச் செய்யப்பட்டதோ, அந்த எளிய வாடிக்கையாளர்கள். பாட்டியின் பெயரைச் சொல்லி நோண்டுபவர்களைக் குற்றம்சாட்டும் வாதம் இங்கே சரிந்துவிடுகிறது.

நோண்டியவர்கள்தான் நிறுவனத்தைக் கவிழ்த்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. நாட்களைப் பார்த்தால் அது நிற்காது. நாஸ்டாக் குறியீடு உச்சம் தொட்டது 2000 மார்ச் 10. நெட்ப்ளையன்ஸ் பங்குச் சந்தைக்கு வந்தது அதற்கடுத்த வாரம், பங்கு 18 டாலர் விலையில். நட்டத்தைப் பொறுத்துக்கொண்டு பணம் போட்டுக்கொண்டிருந்த உலகம் அந்த வாரத்திலேயே முடியத் தொடங்கியது. கருவிக்கே 499 டாலர் வாங்கியவர்களின் கதியைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 3காம் நிறுவனத்தின் ஆட்ரி 2000 அக்டோபரில் வந்து, 2001 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. சோனியின் ஈவில்லா 2001 ஜூனில் வந்து ஆகஸ்ட்டிலேயே போய்விட்டது. இவற்றை யாரும் 99 டாலருக்கு அள்ளிக்கொண்டு போய்க் கவிழ்க்கவில்லை. சாதாரணக் கம்ப்யூட்டரின் விலை கீழே வந்துகொண்டிருந்தபோது, இணையம் மட்டும் பார்க்கும் கருவிக்கு வீட்டில் இடம் இல்லாமல் போயிற்று. கருவி வியாபாரத்தைக் கைவிட்ட நெட்ப்ளையன்ஸ் 2001இல் டிப்பிங்பாயிண்ட் என்று பெயர் மாற்றி, வலைப்பின்னல் பாதுகாப்புக்குப் போனது. 2005இல் அந்த நிறுவனம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது: பிறருடைய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குப் பணம் தருவது. கழற்றிப் பார்ப்பவரின் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று பின்னாளில் ஒப்புக்கொண்ட நிறுவனமாகத்தான் இதை நான் பார்க்கிறேன்.

ஆக, நிறுவனத்தின் பக்கம் பெரும்பாலும் விழுந்துவிட்டது. அதனால் மறுபக்கம் தானாக வென்றுவிடாது. 99 டாலருக்கு ஒரு லினக்ஸ் கணினி என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. லேப்டாப் ஹார்ட் டிஸ்க் அன்று மலிவுச் சரக்கு அல்ல, கேபிளுக்குத் தனிக் காசு. கருவியில் ஈதர்நெட் இல்லை, யு.எஸ்.பி. வழியாகத்தான் வலைப்பின்னலில் சேர வேண்டும். அன்றைய நிலையான லினக்ஸ் கெர்னல் 2.2 வரிசை, அதில் யு.எஸ்.பி. ஆதரவு பெயரளவுக்குத்தான். முறையான ஆதரவோடு 2.4 வெளிவந்தது 2001 ஜனவரியில். அதுவரை சோதனை நிலையில் இருந்த கெர்னலைத் தொகுத்து, உடைந்தால் மறுபடி தொகுத்து ஓட்டினார்கள். 32 எம்.பி. நினைவகத்தில் எக்ஸ் விண்டோவும் நெட்ஸ்கேப் உலாவியும் ஒன்றாக ஓடினால் மூச்சு வாங்கும். ஹார்ட் டிஸ்க் வேண்டாம் என்று 16 எம்.பி. ஃபிளாஷுக்குள் லினக்ஸை அடக்கியவர்களின் கைத்திறன் வியக்கத்தக்கது, அந்தப் பெட்டியிலிருந்து கிடைத்த உண்மையான சொத்து அதுதான் என்பேன். இன்னொரு கணினியின் திரையாக, சமையலறையில் பாட்டுப்பெட்டியாக, புகைப்படச் சட்டமாக அது நன்றாக உழைத்தது. முழுக் கணினியாக அல்ல. உழைப்பையும் உதிரிப் பொருளையும் கணக்கில் சேர்த்தால், ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கியிருந்தால் கூடுதல் வேகமும் குறைந்த தலைவலியும் கிடைத்திருக்கும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. ஐ-ஓப்பனரின் சொந்த இயங்குதளம் மூடிய சரக்கு. நோண்டியவர்கள் கண்டுபிடித்ததெல்லாம் நிறுவனத்தின் அடுத்த பதிப்பு வரைக்கும்தான் செல்லும். அவர்கள் நின்ற நிலம் உரிமையால் கிடைத்ததல்ல, எதிராளியின் கவனக்குறைவால் கிடைத்தது.

அதே 2000ஆம் ஆண்டில் ஆரக்கிள் அதிபர் லாரி எலிசன் ஆதரவில் வந்த நியூ இன்டர்நெட் கம்ப்யூட்டரை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 199 டாலர், திரை தனி. ஹார்ட் டிஸ்க் இல்லை, லினக்ஸ் ஒரு சி.டி.யிலிருந்து ஓடும். கருவியை எப்படியும் கெடுத்துவிட முடியாது. சி.டி.யை மாற்றினால் வேறு அமைப்பு. ஈதர்நெட்டும் இருந்தது. நேர்மையான கருவி, எனினும் 2003இல் நிறுவனம் மூடப்பட்டது. நேர்மை மட்டும் வியாபாரத்தைக் காப்பாற்றாது என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சந்தாவை நம்பியும் நோண்டுபவர்களோடு ஒத்துப்போக முடியுமா? முடியும் என்று காட்டியது டீவோ. 1999இல் வந்த அந்தத் தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி லினக்ஸில் ஓடியது, வருமானம் சந்தாவில். பெரிய ஹார்ட் டிஸ்க் மாட்டிக்கொண்டவர்களை நிறுவனம் தொடக்க காலத்தில் துரத்தவில்லை. பதிலுக்கு நோண்டியவர்களும் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: சந்தா கட்டாமல் சேவையைப் பெறும் வழியைப் பற்றிப் பேசுவதில்லை. பிறகு வந்த டீவோ பெட்டிகள் மூலநிரலைக் கொடுத்துக்கொண்டே, நிறுவனம் கையொப்பமிட்ட கெர்னலை மட்டும் ஓடவிட்டன. இந்தப் பூட்டைத் தடுப்பதற்காகவே மூலநிரலைக் கொடுக்கச் சொல்லும் ஜி.பி.எல். உரிமத்தின் 2007இல் வந்த மூன்றாம் பதிப்பில் தனி விதி சேர்க்கப்பட்டது. லினக்ஸ் கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பிலேயே இருப்பதால், அந்த விதி கெர்னலைக் காக்கவில்லை.

தீர்ப்பை எட்ட எனக்கு உதவிய கருவி ஒரு நீலக் கறுப்பு ரவுட்டர். லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி 2002 கடைசியில் வந்தது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று 2003இல் தெரிந்ததும், மூலநிரலைக் கொடு என்று கேட்டார்கள். கேட்பதற்கு ஜி.பி.எல். உரிமம் இடம் கொடுத்தது, நிறுவனம் வெளியிட்டது. அதை அடித்தளமாகக் கொண்டு 2004இல் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்ற ரவுட்டர் இயங்குதளம் பிறந்தது. இன்று உலகெங்கும் பற்பல நிறுவனங்களின் ரவுட்டர்களில் அது ஓடுகிறது. ஐ-ஓப்பனரில் செலவான திறமை இதற்குக் குறைந்ததல்ல. ஆனால் அது அந்த ஒரு பெட்டியோடு நின்றது, இது தலைமுறை தாண்டியது. வித்தியாசம் கைகளில் இல்லை, உரிமத்தில் இருந்தது.

எனவே என் முடிவு இது. ஒப்பந்தம் இல்லாமல் விற்கப்பட்ட பெட்டியைத் திறக்க வாங்கியவருக்கு முழு உரிமை உண்டு, நெட்ப்ளையன்ஸின் பசை தவறு. ஆனால் தள்ளுபடிக்காகத் திறப்பது பலவீனமான காரணம். சலுகை நின்றதும் அந்த முயற்சியும் நின்றுவிடும். லினக்ஸ் கருவியை நோண்ட விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது விலைச் சீட்டை அல்ல, மூலநிரல் கிடைக்குமா, மாற்றியதை அதே கருவியில் ஓட்ட முடியுமா என்ற இரண்டையும்தான். 2005இல் லிங்க்சிஸ் செலவைக் குறைக்க, டபிள்யூ.ஆர்.டி.54ஜியின் ஐந்தாம் பதிப்பில் நினைவகத்தைப் பாதியாக வெட்டி, லினக்ஸை எடுத்துவிட்டு வி.எக்ஸ்.வொர்க்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்தது. பழைய அமைப்பை டபிள்யூ.ஆர்.டி.54ஜி.எல். என்ற பெயரில் தனியாகவும் விற்றது, விலை கொஞ்சம் கூடுதல். நோண்டுபவர்கள் கூடுதல் விலையைக் கொடுத்து அதையே வாங்கினார்கள். பத்தாண்டு கழித்து, 2016இலும் அது விற்பனையில் இருந்தது.