ஒரு கோலும் மூன்று மீன்களும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் இன்னும் முற்றாக எழும்பாத அந்த அரைமணி நேரத்தில், பெருங்களத்தூர் ஏரிக்கரைப் பக்கம் நடந்து போகிறவர்கள், மூங்கில் கழியும் தக்கையுமாகக் குந்தியிருக்கும் பெரியவர் ஒருவரையும், அவருக்குப் பத்தடி தள்ளி, மாதச் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கைக் கொடுத்து வாங்கிய கார்பன் கோலோடு நின்றபடியே வீசிக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவரையும் சேர்ந்தாற்போலக் காணக்கூடும். இருவரில் கெட்டிக்காரர் யார் என்று வழிப்போக்கர் கேட்பது வழக்கமாயினும், அந்தக் கேள்விக்குப் பொருளில்லை. ஏனெனில் பெரியவர் மண்புழுவைக் கோத்துக் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் காத்திருக்கிறார், இளைஞரோ ரப்பர் தவளையை வீசி இழுத்து விராலைச் சீண்டுகிறார், ஆகவே இரண்டு பேரும் ஒரே பந்தயத்தில் ஓடுகிறவர்கள் அல்லர்.

இந்த வார அலசலுக்கு விஷயமானது அவ்விளைஞர் கையிலிருந்த கோல்தான். என் தெருக்காரர் அவர், கோலின் அடிப்புறத்தில் அச்சிட்டிருந்த எழுத்துக்களைக் காட்டி, "சார், பாஸுக்கும் சால்மனுக்கும் ஏத்ததுன்னு போட்டிருக்கான். நம்ம கொடுவாவைத்தானே சீ பாஸ்ங்கறாங்க, காலாவைத்தானே இந்தியன் சால்மன்ங்கறாங்க? அப்போ முட்டுக்காட்டுக்கும் கோவளத்துக்கும் இது ஒண்ணே போதும், இல்லையா?" என்று கேட்டார். கேள்வியில் தர்க்கம் இருந்தது. ஆயினும் அந்தத் தர்க்கம் ஓட்டல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்கர்கள் கோல் செய்து பிடிக்கும் 'பாஸ்' நன்னீர்க் குளத்து மீன். கொடுவா அதற்குச் சித்தப்பா பெரியப்பா முறைகூட ஆகாத வேறொரு குடும்பம். காலாவோ, தாடையின் கீழ் நான்கு மெல்லிய இழைகள் தொங்கும் கடலோர மீன். சால்மனுக்கும் அதற்கும் உள்ள உறவு, மீன் வியாபாரியின் நாவில் மட்டுமே உள்ள உறவு. சால்மன் குலத்து மீனை நம் மாநிலத்திலேயே காண விரும்புகிறவர், 1907இல் டிரவுட் மீனுக்கென்று பொரிப்பகம் கண்ட நீலகிரியின் அவலாஞ்சிக்குத்தான் போக வேண்டும்.

பெயர்கள் ஏமாற்றுவது போலவே கோலின்மேல் அச்சிட்ட அளவுகளும் ஏமாற்றும் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். 'மீடியம் ஹெவி' என்று எழுதியிருந்த ஒரு கோலை முன்னொரு காலத்தில் நம்பி வாங்கி, முதல் விராலிலேயே அது முருங்கைக் கொம்பு போல வளைந்து நிற்கக் கண்டவன் நான். விற்ற கடையின் பெயர் இங்கே வேண்டாம். இந்தச் சொற்களுக்குத் தொழிற்சாலைகளுக்கிடையே பொதுவான பிரமாணம் எதுவும் கிடையாது. ஒருவருடைய 'ஹெவி' மற்றொருவருடைய 'மீடிய'மாக இருப்பதற்குச் சட்டப்படி யாதொரு தடையுமில்லை.

ஆகையால் கோலைக் கரைக்குக் கொண்டுபோகும் முன் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். அமெரிக்காவில் ஹானிமன் என்ற ரசாயன அறிஞர் வகுத்த எளிய பரீட்சை ஒன்று உண்டு: கோலின் அடியைக் கிடைமட்டமாக இறுக்கி, நுனியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் நுனி தாழும்வரை அதில் சில்லறைக் காசுகளைப் போட்டுக்கொண்டே போவது, எத்தனை காசோ அத்தனை வலிமை. நம் வீடுகளில் காசைவிடத் தண்ணீர் சுலபம் என்பதால், நாங்கள் காலி பாட்டில் ஒன்றைக் கட்டி, டம்ளர் டம்ளராக ஊற்றினோம். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் என்பதால் தராசுக்கும் வேலையில்லை. ஏழடிக் கோல், அதாவது 84 அங்குலம். நுனி 28 அங்குலம் இறங்க வேண்டும். கைப்பிடிச் சுவருக்கும் ஒரு செங்கல்லுக்கும் நடுவே கோலின் அடியைச் செருகி, என் பழைய 'மீடியம் ஹெவி'யை முதலில் நிறுத்தினால், அரை லிட்டர் நிறையும் முன்னரே அது தலைகுனிந்துவிட்டது. புதுக்கோலோ முக்கால் லிட்டரைத் தாண்டியும் சற்று யோசித்துத்தான் பணிந்தது. இரண்டின்மேலும் எழுதியிருப்பது ஒரே சொல்.

வலிமை ஒன்று, வளையும் மாதிரி மற்றொன்று. அதே பாரத்தில் நுனி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பேத்தியின் ஜியாமிதிப் பெட்டியிலிருந்த பாகைமானியை வைத்துப் பார்த்தோம். அந்த அறிஞரின் கணக்கில் 59 பாகைக்குக் கீழே இருந்தால் கோல் மந்தம், அதாவது அடிவரைக்கும் வளைவது. 66-க்கு மேலே போனால் வேகம், அதாவது நுனி மட்டும் வளைந்து நடுவும் அடியும் விறைத்து நிற்பது. புதுக்கோல் 70-ஐ ஒட்டி நின்றது. பாஸுக்கும் சால்மனுக்கும் ஏற்றது என்ற விளம்பரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது அந்த இடத்தில்தான். ஏனெனில் சால்மனுக்கென்று அந்நாட்டார் தனியாகச் செய்யும் கோல்கள் பெரும்பாலும் எட்டரை, ஒன்பதடி நீளமும், நடுவரைக்கும் வளைந்து கொடுக்கும் இளக்கமும் உடையவை.

இளக்கம் ஏன் வேண்டும் என்பதற்குச் சிறிது விளக்கம் அவசியம். தூண்டில் கோல் மனிதனுக்கு உதவும் நெம்புகோல் என்று பலரும் எண்ணுகிறார்கள்; உண்மையில் அது மீனுக்கு உதவும் நெம்புகோல். அடிமுனையை வயிற்றில் ஊன்றி, ஓரடி மேலே கையால் பிடித்து, ஏழாவது அடியிலுள்ள நுனியில் செங்குத்தாக ஒரு கிலோ இழுப்பு விழுந்தால், நம் கை ஏறத்தாழ ஏழு கிலோவைத் தாங்க வேண்டியிருக்கிறது. கோல் வளைய வளைய, நுனி நரம்பின் திசைக்கே திரும்பி, பாரம் கைக்கு அருகே வந்துவிடுகிறபடியால் அந்தக் கணக்குக் குறைகிறது. வளைவது பலவீனமன்று, கைக்குக் கோல் காட்டும் தயவு அது. மேலும், மீன் திடீரென்று பாயும்போது ரீலின் பிரேக் இளகுவதற்கு முந்திய அந்த ஒரு கணத்து அதிர்ச்சியை விழுங்குவதும் இந்த வளைவே.

இது 'காஸ்டிங்' ஜாதிக் கோல். ரீல் மேற்புறம் அமர்ந்து, சுருளே சுழன்று நரம்பை விடும். கென்டக்கி மாநிலத்துக் கடிகாரக் கைவினைஞர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்து காட்டிய யுக்தி இது. கட்டைவிரல்தான் இதற்கு லகான். இரை தண்ணீரைத் தொடும் தருணத்தில் விரல் அழுத்தத் தவறினால், சுருள் மட்டும் சுழன்றுகொண்டே இருக்க, நரம்பெல்லாம் எண்ணெய் காணாத தலைமுடி போலச் சிக்கு விழும். என் தெருக்காரர் முதல் நாள் வீசியது பன்னிரண்டு தடவை. சிக்கெடுக்க உட்கார்ந்தது ஐந்து தடவை. இதைக் கோலின் குறையாக நான் எழுதப்போவதில்லை.

வளையங்களைச் சோதிக்க ஒரு துணுக்குப் பஞ்சு போதும். ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் பஞ்சைத் தேய்த்து எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் ஓர் இழை அங்கே மாட்டிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். ஒன்பது வளையத்தில் ஒன்றிலும் மாட்டவில்லை. ரீலைப் பூட்டி, அதற்கு இரண்டு அங்குலம் முன்னே ஒற்றை விரல்மேல் வைத்தபோது கோல் தராசு முள்ளாக நின்றது. நாள் முழுதும் வீசுகிறவனின் மணிக்கட்டுக்கு இதன் அருமை தெரியும்.

இனி மீன்கள். விராலின் வாய் எலும்பும் பல்லுமாக இறுகியது. அது பதுங்குவதோ ஆகாயத்தாமரைக்கும் நாணலுக்கும் அடியில். ரப்பர் தவளையை அந்தப் பசுமையின்மேல் தத்தித் தத்தி இழுத்து வரும்போது, இலைக்கு அடியிலிருந்து ஒரு குமிழி, அதையடுத்து கதவை அறைந்தாற்போல ஒரு சத்தம். உடனே சுண்டுகிறவன் வெறும் தவளையைத்தான் பெறுவான். 'ஒண்ணு' என்று மனத்துக்குள் எண்ணி, நரம்பு கனத்த பிறகே அடிக்க வேண்டும். அடித்த அடியில் முள் எலும்பைத் துளைக்கவும், அடுத்த நொடியில் மீனின் தலை கொடிக்கு மேலே வரவும் வேண்டும். இங்கே இளக்கம் உதவாது. புதுக்கோல் இந்தக் காரியத்தைச் செய்த லாகவத்தைப் பார்த்து நான் என் குடையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன். முக்கால் கிலோ விரால் ஒன்று, ஒரு கொத்துப் பாசியோடு கரையில் வந்து விழுந்தது. (சிவந்த குஞ்சுக்கூட்டத்தின் அடியில் காவல் நிற்கும் விராலின்மேல் மட்டும் தவளையை வீசாதீர்கள், அதைத் தூக்கினால் குஞ்சுகள் அன்றைக்கே மற்ற மீன்களுக்கு விருந்து. ஏரிக் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்குவதும் மரியாதை.)

மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேயர், ஆற்றுமீன் பிடிப்பதைப் பிரதானமாக வைத்து 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை மங்களூரில் வெளியிட்டார். அது பெரும் புகழ் பெற்றும், ஏரி, குளத்து மீனுக்கு அது போதாதென்று கண்டு, 1887இல் 'டாங்க் ஆங்க்ளிங் இன் இந்தியா' என்று தனியாக இன்னொரு நூல் எழுத வேண்டியிருந்தது. ஒரு புத்தகத்துக்கே அடங்காத தண்ணீர்கள் ஒரு கோலுக்கு எவ்வாறு அடங்கும் என்ற எண்ணத்தோடுதான், அடுத்த வாரம், வண்டலூரில் திரும்பிக் கேளம்பாக்கம் வழியாக முட்டுக்காட்டுக்குப் போனேன்.

கொடுவாவைப் பற்றி நம் பக்கத்து மக்கள் இன்னும் கொஞ்சம் பெருமை கொள்ளலாம். உவர்நீர் மீன்வளர்ப்புக்கென்று 1987இல் சென்னையில் அமைந்த மத்திய நிறுவனம், முட்டுக்காட்டில் தனக்குள்ள ஆய்வு நிலையத்தைக் கொண்டு, 1997இல் இந்த மீனை அடைப்பில் வைத்தே இனப்பெருக்கம் செய்வித்தது. ஆணாகப் பிறவி தொடங்கிப் பிற்பாடு பெண்ணாக மாறும் விசித்திரமும் இதற்கு உண்டு. தூண்டிற்காரருக்கு வேண்டிய விஷயங்கள் வேறு இரண்டு: அதன் செவுள்மூடியின் ஓரம் சவரக்கத்தி, ஆகவே நரம்பின் முனையில் ஒரு முழம் தடித்த தங்கூசி கட்டாயம், மாட்டியதும் அது தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும், அந்த உதறலில் நரம்பு ஒரு கணம் தொய்ந்தாலும் முள் கழன்றுவிடும். பாலத்தின் நிழல் விழும் பக்கம் ஏற்றநீர் திரும்பும் வேளையில் மாட்டிய ஒன்று மூன்று தடவை எழும்பிற்று. கோலின் வேகமான நுனி நரம்பைத் தொய்ய விடாமல் பார்த்துக்கொண்டது. ஆயினும் மூன்றாவது உதறலில் அதன் விறைப்பு என் முழங்கை வரைக்கும் எட்டியது. கரையேறியபோது ஒன்றரைக் கிலோ மதிக்கலாம். தேர்ச்சிதான், முதல் வகுப்பு அன்று.

கோவளத்து மணலில் கதை மாறிற்று. காலா அலை உடையும் வரிசைக்கு அப்பால் மேய்கிறது. ஏழடிக் கோல், 28 கிராம் இரையை இரண்டாவது அலைக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. எட்டிய நேரங்களிலும், நரம்பை அலைத்தலைகளுக்கு மேலே தூக்கிப் பிடிக்க உயரம் போதாமல், ஒவ்வொரு அலையும் அதை இழுத்து வளைத்துக் கரையோரத்தில் கொட்டிற்று. இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு காலா பிடித்தது. பிடித்த வேகத்தில் நேரே கடலுக்குள் பாய்ந்தது. விறைத்த நடுப்பகுதி அந்த முதல் பாய்ச்சலை விழுங்க மறுத்தது. திரும்பி வந்த முள்ளில் உதட்டுச் சதையின் ஒரு துணுக்கு மட்டும் இருந்தது. ஒரு மீனின் சாட்சியத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது நியாயமன்று என்று தெரியும். ஆனால் மொட்டைமாடியில் பாகைமானி சொன்னதும் இதுவேதான்.

ஏரிக்கரையில் உயரழுத்த மின்கம்பி போகும் இடத்தில் மட்டும் எவரும் இந்தக் கோலை உயர்த்த வேண்டாம். பெரியவரின் காய்ந்த மூங்கிலைப் போல அன்று, கார்பன் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

விராலுக்கு என்று வாங்குகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். முட்டுக்காட்டுக் கொடுவாவுக்கும், ரீலின் பிரேக்கை ஒரு திருகு தளர்த்தி வைத்துக்கொண்டால், இதுவே போதும். காலாவுக்கு வேண்டாம், அதற்கு ஒன்பதடியோ பத்தடியோ உள்ள இளக்கமான கோல் வேறு. என் தெருக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் கோலின் அடியிலிருந்த எழுத்தை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, அடுத்த மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று கணக்குப் பார்த்தார்.