பிசிறில்லாத தோல்வி

சுதி விலகவில்லை. தாளம் தப்பவில்லை. ராகத்துக்குப் புறம்பான ஸ்வரம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. இருந்தும் பாடியவன் தோற்றுப்போகிறான். மேடையேறும் எவருக்கும் வயிற்றைக் கலக்கும் இந்தச் சங்கதியை இரண்டு மணி நேரம் பொறுமையாக அலசும் படம் 'தி டிசைபிள்'. சைதன்ய தாம்ஹாணே இயக்கிய மராத்திப் படம். 2020 வெனிஸ் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போய்ச் சிறந்த திரைக்கதை விருதை வென்றது. அடுத்த ஆண்டு நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் முகூர்த்தத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் நாகஸ்வரம் வாசிக்கிறவன் நான். அதனால் கதையை ஒதுக்கிவிட்டு, சரத் நெருல்கர் என்ற அந்தப் பாடகனின் ஆட்டத்தை மட்டும் பார்க்கிறேன்.

முக்கால் கிணறு

சரத்தாக வரும் ஆதித்ய மோடக் முறையாகப் பயின்ற பாடகர். நடிப்பில் இதுதான் அவருக்கு முதல் படம். நன்றாகப் பாடத் தெரிந்தவர் கெடுத்துப் பாடுவது எளிது, சுதியைக் கொஞ்சம் நழுவவிட்டால் போதும். முக்கால் கிணறு தாண்டிய பாட்டைப் பாடிக் காட்டுவதுதான் கடினம். மோடக் அதைச் செய்திருக்கிறார். ஒரு ஸ்வரத்தில் நின்று அது கனியும்வரை காத்திருக்க வேண்டிய இடத்தில் சரத்துக்கு இருப்புக் கொள்ளாது, அடுத்த பிடிக்குப் போய்விடுவான். துரித காலத்தில் கணக்கெல்லாம் சரியாக விழும், குரலில் மட்டும் இறுக்கம் தளராது. தப்பு செய்துவிடக் கூடாது என்ற பயம் பாட்டிலேயே கேட்கிறது.

கேமராவும் இரக்கம் காட்டவில்லை. தள்ளி நின்று, வெட்டாமல், கச்சேரியை முழு நீளத்துக்குப் பார்க்கிறது. நம் சினிமாவில் வித்வானின் விரல் தப்பினால் எடிட்டர் காப்பாற்றிவிடுவார். இங்கே ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

பயிற்சியில் கோளாறு

குருவாக வரும் அருண் திராவிட் நிஜ வாழ்விலும் பாடகர், கிஷோரி அமோன்கரின் சீடர். அவர் மேடையில் பாட, பின்னால் தம்பூராவோடு சரத் உட்கார்ந்திருக்கும் காட்சியைக் கவனியுங்கள். பையனின் கண் குருவை விட்டு நகராது. குரு கற்றுத்தருவது பாட்டு. ஆனால் சரத்துக்கு இன்னொரு ஆசானும் உண்டு. இரவில் வெறிச்சோடிய மும்பைச் சாலையில் மெல்ல வண்டியோட்டிக்கொண்டே, குருவின் குருவான மாயியின் பேச்சைக் காதில் கேட்கிறான். புகழை விடு, ஆசையை விடு என்று துறவு பேசும் குரல் அது. இரண்டு குரல்களையும் கேட்டுக்கேட்டுத் தன் குரல் எதுவென்று தேட அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை. சாதகத்தில் குறையில்லை. எதற்காகச் சாதகம் என்பதில்தான் கோளாறு.

என் கணக்கில் திருப்புமுனை மேடையிலேயே இல்லை. இசைத்தட்டு சேகரிக்கும் ஒருவர் மாயியைப் பற்றியும் குருவைப் பற்றியும் கசப்பான சேதிகளைச் சொல்ல, சரத் கையிலிருந்த கிளாஸில் உள்ளதை அவர் முகத்தில் வீசிவிடுகிறான். படம் முழுக்க அவன் யோசிக்காமல் செய்த காரியம் அநேகமாக அது ஒன்றுதான். அந்தத் துணிச்சலில் கால்வாசி ஒரே ஒரு ஆலாபனையில் வந்திருந்தால் ஆட்டத்தின் போக்கே வேறாகியிருக்கும்.

ஜெயித்தவர் கதை மட்டும்

எங்கள் பக்கம் இசை என்று பேச்செடுத்தால் கதை பண்ணைப்புரத்தில்தான் தொடங்கும். அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் வாசித்துத் திரிந்த தம்பி இளையராஜா, 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் தமிழ்நாட்டையே தன் பக்கம் திருப்பினார். பெருமைப்பட வேண்டிய கதைதான். ஆனால் போடியிலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் ஹார்மோனியத்தைத் தொட்ட பையன்களுக்கெல்லாம் இதை மட்டுமே சொல்லி வளர்க்கிறோம். அதே உழைப்பைப் போட்டும் ஊர் தாண்டாதவர்களின் கணக்கு எந்தப் பேச்சிலும் வருவதில்லை.

இந்த மலையடிவாரத்தில் அப்படியொரு கணக்கைச் சொன்ன படம் உண்டு. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018-இல் வந்தது, இசை இளையராஜா. துண்டு நிலத்துக்காக வாழ்நாளெல்லாம் மூட்டை சுமந்த ரங்கசாமி, கடைசியில் கைவிட்டுப்போன அந்த நிலத்துக்கே காவலாளி ஆகிறான். சரத்தும் கடைசியில் பாடுவதை விட்டுவிட்டு, பாட்டைச் சுற்றியுள்ள ஒரு வேலையில் பிழைக்கிறான். இரண்டு படமும் பார்வையாளனுக்கு ஆறுதல் சொல்ல மறுக்கின்றன.

எனக்கு ஒப்பாத இடம்

ஒரே ஒரு விஷயத்தில் தாம்ஹாணேயோடு நான் முரண்படுகிறேன். அவர் சரத்தை அளவுக்கு மீறித் தனியாள் ஆக்கிவிட்டார். தபலாக்காரர், ஹார்மோனியக்காரர் எல்லாம் பேசாத முகங்களாகவே வந்து போகிறார்கள். எங்கள் தொழிலில் தோல்விகூடத் தனியாக வராது. நாகஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம், சுதிப்பெட்டி சேர்ந்தால்தான் ஒரு செட். என் மூச்சு தளர்வது பக்கத்தில் இருக்கும் தவில்காரருக்கு முதலில் தெரியும். உடனே அவர் தனி எடுத்து எனக்குக் கொஞ்ச நேரம் வாங்கிக் கொடுப்பார். பந்தலில் இருப்பவர்களுக்கு நான் திணறியதே தெரியாது. சுமாரான வித்வானையும் முப்பது வருஷம் தொழிலில் நிறுத்திவைப்பது இந்த ஒத்தாசைதான். சரத்துக்கு அப்படி ஒரு கை இருந்திருந்தால் நட்சத்திரம் ஆகியிருக்க மாட்டான், ஆனால் பாட்டை விட்டிருக்கவும் மாட்டான்.

பாடிக்கொண்டிருக்கும்போதே சரத் நிறுத்திவிட்டு மேடையிலிருந்து இறங்கும் காட்சியைத்தான் பலர் தோல்வி என்பார்கள். எனக்கு அது அவன் ஆட்டத்திலேயே மிக நேர்மையான முடிவாகப் படுகிறது. தோற்றது அதற்கு வெகு முன்பே, குரு தலையாட்டினால் போதும் என்று பாடத் தொடங்கிய நாளில். நாகஸ்வரமோ தவிலோ கற்கும் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைப் போட்டுக்காட்டும் ஆசிரியர்கள், முடிந்ததும் நல்ல படமா என்று கேட்க வேண்டாம். எந்தக் கச்சேரியில், எந்த இடத்தில் அவன் தப்பு வந்தாலும் வரட்டும் என்று துணிந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். சரியான இடத்தைக் காட்டும் பிள்ளைக்கு அடுத்த பாடத்தைத் தொடங்கலாம்.