டெல்பீன் செரிக்கின் நடிப்பு – ஒரு நோக்கு

டெல்பீன் செரிக் (1932–1990) என்னும் பிரெஞ்சு நடிகையைப் பற்றி எழுதுவோர் அவரது வாழ்வை இரண்டாகப் பகுப்பது வழக்கம். முற்பகுதியில் அவர் கலைப்படங்களின் எட்டாத எழிலரசி. பிற்பகுதியிற் பெண்விடுதலை இயக்கத்தின் போராளி. முன்னதைப் போற்றுவோர் பின்னதைத் திசைமாற்றம் என வருந்துவர். பின்னதைப் போற்றுவோர் முன்னதை இளமை மயக்கம் என மன்னிப்பர். இப்பகுப்பு வசதியானதே. ஆயினும் படங்களை மீளப் பார்க்குமிடத்து அது நிலைக்காது. தம்மை நோக்கும் கண்ணுக்குத் தம்மை முற்றாக ஒப்படைக்க மறுத்தல் என்ற ஒரே வேலையைத்தான் அவர் இறுதிவரை செய்தார் என்பது என் துணிபு.

பெய்ரூத்திற் பிறந்த செரிக், தொல்லியலாளர் ஒருவரின் மகள். போர்க்காலத்திற் சிறுமியாக நியூயோர்க்கில் வாழ்ந்தவர். பிரான்சில் மேடையேறியபின் 1956இல் மீண்டும் அங்கு சென்று அக்டர்ஸ் ஸ்ரூடியோவிற் பயின்றார். பாத்திரத்தின் உள்ளத்தை நடிகர் தம் அனுபவத்திலிருந்தே அகழ்ந்தெடுத்தல் வேண்டும் என்பது அப்பள்ளியின் கொள்கை. அங்கே அவரைக் கண்ட நெறியாளர் அலன் றெனே அவருக்கு அளித்ததோ, பெயரும் கடந்தகாலமும் இல்லாத ஒரு பாத்திரத்தை.

அப்படம் 1961இல் வெனிஸ் விழாவிற் தங்கச் சிங்க விருதைப் பெற்ற ‘கடந்த ஆண்டு மரியன்பாத்தில்’. மாளிகை போன்றதொரு விடுதியில், சென்ற ஆண்டு நாம் சந்தித்தோம், நீ எனக்கு வாக்களித்தாய் என்று ஓர் ஆண் வற்புறுத்துகிறான், அவள் மறுக்கிறாள். கொக்கோ ஷனெல் வடிவமைத்த ஆடைகளில் நின்ற செரிக்கைச் சிலை என்றே பலர் வருணித்தனர். தோளிற் கைவைத்து நிற்கும் அவ்வுருவம் சிலையை நினைவூட்டுவது மெய். ஆனால் அக்குரலைக் கேட்டோர் எத்தனை பேர்? தாழ்ந்து, மூச்சுக் கலந்து வரும் அக்குரல் ஒவ்வொரு முறையும் வேறொரு தொனியில் மறுக்கிறது. அச்சம், களைப்பு, ஏளனம், ஏக்கம் யாவும் அதில் உண்டு. அவள் வெறுஞ் சிலையாயின் அந்த ஆண் முதற் பத்து நிமிடத்திலேயே வென்றிருப்பான், படமும் முடிந்திருக்கும்.

றெனேயின் ‘மூரியெல்’ (1963) வெனிஸிற் சிறந்த நடிகைக்கான விருதை அவருக்குப் பெற்றுத்தந்தது. அல்ஜீரியப் போரின் சித்திரவதைகள் நிழலாடும் அப்படத்தில், முப்பத்தொரு வயதினரான செரிக் நடுவயதுக் கைம்பெண்ணாக, நிலைகொள்ளாத கைகளோடு வருகிறார். தம் எழிலுக்கு அவரே இட்ட முதல் அடி அது. துரூபோவின் ‘திருடிய முத்தங்க’ளில் (1968), தன்னைத் தேவதைத் தோற்றமாக எண்ணி உருகும் இளைஞனிடம் தான் ஒரு பெண் மட்டுமே என்று சொல்லும் காட்சி, நகைச்சுவையாக எழுதப்பட்டபோதும் அவர் வாயிற் கூற்றாக வரும்போது வெறும் நகைச்சுவையாக நிற்பதில்லை.

1971இற் சட்டவிரோதக் கருக்கலைப்புச் செய்துகொண்டதாக வெளிப்படையாக அறிவித்த 343 பெண்களின் அறிக்கையில் அவரும் ஒப்பமிட்டார். பின்னர் 1975. அவ்வாண்டிலே மூன்று பெண் நெறியாளர்களின் படங்களில் அவரைக் காண்கிறோம். லிலியான் த கெர்மடெக்கின் ‘அலோயீஸ்’ பற்றி இங்கு விரிக்க இடமில்லை. மார்கரீத் துராசின் ‘இந்தியா சோங்’கில் உதடுகள் அசைவதில்லை, குரல்கள் எங்கிருந்தோ ஒலிக்கின்றன. 1930களின் கல்கத்தாவைப் பிரான்சிலேயே படமாக்கிய அப்படத்தில் ஆசியப் பிச்சைக்காரி ஒலியாக மட்டுமே இருக்கிறாள் என்பது நம்மவர்க்கு உறுத்தும்; எனக்கும் உறுத்தியது. செரிக்கின் வலிமை குரலில் என்றேன். துராஸ் அதனை உடலினின்று பிரித்துவிட்டதால், மீண்டும் சிலையே எஞ்சுகிறது.

இதற்கு நேரெதிரானது, இருபத்தைந்து வயதும் நிரம்பாத ஷந்தால் அக்கர்மன் நெறிப்படுத்திய ‘ஜான் டீல்மன்’. பிரசல்ஸ் நகரில் மகனோடு வாழும் கைம்பெண்ணொருத்தியின் மூன்று நாட்கள், மூன்று மணி இருபது நிமிடத்தில். கமரா அசைவதில்லை. அவள் உருளைக்கிழங்கு சீவுகிறாள். இறைச்சியை மாவிற் புரட்டுகிறாள். குளியற் தொட்டியைத் தேய்க்கிறாள். பிற்பகலில் ஓர் ஆணை வரவேற்று, அவன் தரும் பணத்தைச் சூப்புக் கிண்ணத்தில் இட்டு மூடுகிறாள். இரண்டாம் நாள் கிழங்கு அளவுக்குமேல் வெந்துவிடுகிறது. அவ்வளவே. ஆனால் அந்தச் சட்டியை எங்கே வைப்பதென்றறியாது அவள் அறையறையாகத் திரியும்போது ஓர் உலகம் சரிவதை உணர்கிறோம். மூன்றாம் நாட் கொலை அதன் தொடர்ச்சிதான். வீட்டுவேலை செய்து பழகிய ஒரு முகம் இவ்விடத்தில் இருந்திருப்பின் நாம் அவ்வேலையைக் கவனித்திருக்கமாட்டோம். நாள்தோறும் காண்பதைக் காணாதிருப்பது நமது இயல்பு. மரியன்பாத்தின் சீமாட்டி கிழங்கு சீவும்போது, சீவுதல் என்பது ஒரு தொழில் என்று கண்ணிற் படுகிறது. ஆதலால் அப்பழைய எழிலை இப்படத்தின் மூலதனம் எனலாம்.

2022இல் ‘சைற் அன்ட் சவுண்ட்’ இதழின் விமரிசகர் வாக்கெடுப்பில் இப்படம் முதலிடம் பெற்றது. புகழ் நெறியாளருக்கே சென்றது, அதில் அநீதியில்லை. எனினும் படப்பிடிப்பின்போது நடிகர் சமி பிறே எடுத்த வீடியோப் பதிவுகளில், இச்செயலின்போது இவள் என்ன நினைக்கிறாள், ஏன் இவ்வளவு மெதுவாக என்று செரிக் விடாது வினவுவதைக் காணலாம். அக்கர்மனுக்கோ உளவியல் விளக்கம் தேவைப்படவில்லை. செயலின் அளவே போதும். நியூயோர்க்கிற் கற்றது பிரசல்ஸில் வந்து மோதுகிறது. அம்மோதலே படத்திற்கு உயிரூட்டிற்று.

அதே காலப்பகுதியில் அவ்வினாக்களைப் பிற நடிகையரிடமும் கொண்டுசென்றார். 1975–76இற் கரோல் றூசோப்பூலோசின் வீடியோக் கமராவோடு பதிவாகி 1981இல் வெளிவந்த ‘அழகாயிரு, வாய்மூடியிரு’ என்னும் ஆவணப்படத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நடிகையர் பேசுகின்றனர். தாடையை உடைத்துக் கன்னங்களைக் குழியச் செய்யலாம் என்று தமக்கு ஆலோசனை கூறப்பட்டதை ஜேன் பொன்டா எவ்விதக் கண்ணீருமின்றி விவரிக்கிறார். கறுப்பு வெள்ளை, மங்கலான முகங்கள், அலங்காரமற்ற தொகுப்பு. கலைநயம் போதாதென்று சிலர் குறைகூறக்கூடும். ஆணாகப் பிறந்திருந்தால் இத்தொழிலுக்கு வந்திருப்பீர்களா என்று அங்கு ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. கேட்பவரின் முகத்தைப் பெரும்பாலும் நாம் காண்பதில்லை. மரியன்பாத்தில் மறுத்த அதே குரல் மட்டும் கேட்கிறது.