வாசகர் வழங்கும் விருது

ஒரு நூலின் தகுதியை அறுதியிட்டு உரைக்கும் உரிமை யாருக்கு உண்டு? கற்றறிந்த நடுவர்க்கா, காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் வாசகர்க்கா? நம்மிடையே நடைபெறும் சிறுகதை, நாவல் போட்டிகளில் பெரும்பாலும் நடுவர் குழுவே முடிவு செய்கிறது. ஆயின், அறிவியல் புனைகதைத் துறையில் உலகப் புகழ் பெற்ற ஹ்யூகோ விருதினை வாசகரே வாக்களித்து வழங்குகின்றனர். அம்முறையின் நிறைகுறைகளை ஆராய்தல் தமிழ் எழுத்துலகிற்குப் பயன் தரும்.

1926ஆம் ஆண்டில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் என்பார் அமெரிக்காவில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களை அவர்தம் முகவரியோடு அவர் வெளியிட்டார். முகவரி கண்ட வாசகர் ஒருவர்க்கொருவர் எழுதினர், மன்றங்கள் தோன்றின, 1939இல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடிற்று. 1953இல் பிலடெல்பியா மாநாட்டில்தான் விருது முதன்முதலாக வழங்கப்பெற்றது. முதலில் வாசகர் கூட்டம், பின்னரே விருது. இவ்வரிசை கருதத்தக்கது.

மாநாட்டிற்குக் கட்டணம் செலுத்தி உறுப்பினராவோர் படைப்புகளை முன்மொழிந்து, பின் வரிசைப்படுத்தி வாக்களிப்பர். எதுவும் தகுதியுடையதன்று எனக் கருதுவோர் 'விருது இல்லை' என்றும் வாக்களிக்கலாம். 2015இல் ஒரு சாரார் பட்டியல் வகுத்துக்கொண்டு முன்மொழிவுகளைக் கைப்பற்ற முயன்றபோது, ஐந்து பிரிவுகளில் 'விருது இல்லை' என்பதே வென்றது. தகுதியற்றதற்குப் பரிசளிப்பதினும் பரிசை நிறுத்திவைப்பதே இலக்கியத்திற்குப் பெருமை என உறுப்பினர் காட்டினர்.

குறைகளும் இல்லாமல் இல்லை. 2023இல் சீனாவின் செங்டு மாநாட்டில் போதிய முன்மொழிவு பெற்ற சில படைப்புகள் தக்க காரணம் கூறப்படாமலே விலக்கப்பட்டன. ஆயினும், எண்ணிக்கை விவரங்களை வெளியிட வேண்டும் என்னும் விதி இருந்தமையால் அத்தவறு உலகிற்குத் தெரியவந்தது. 2024இல் கிளாஸ்கோ மாநாட்டினர் ஐயத்திற்குரிய 377 வாக்குகளை நீக்கி, அதனை வெளிப்படையாக அறிவித்தனர். தவறு நேராத அமைப்பு எங்கும் இல்லை. தவற்றை மறைக்கவொண்ணாத அமைப்பே நம்பிக்கைக்கு உரியது.

2019இல் நம் மலேசிய எழுத்தாளரான ஜென் சோ, ஆங்கிலத்தில் எழுதிய நீண்ட சிறுகதை ஒன்றிற்காக இவ்விருதினைப் பெற்றார். கிழக்காசியத் தொன்மத்தில் வரும் உயிரொன்று டிராகனாக உயர முயன்று மீண்டும் மீண்டும் தோற்பதே அதன் கரு. நம் கீழ்த்திசை மரபும் உலக வாசகரைக் கவரும் என்பதற்கு இது சான்று. தமிழிலோ சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்து பெருந்திரளான வாசகரை ஈர்த்தது. ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு அத்துறையில் வேறொரு பாதையைக் காட்டிற்று. எனினும், அறிவியல் புனைகதை என்றவுடன் சுஜாதா பெயரோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. எழுத்தாளர் இல்லாமை இதற்குக் காரணமன்று; படித்ததைக் கூடி விவாதிக்கும் வாசகர் குழு வலுப்பெறாமையே காரணம்.

மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஸ்கூடாய் போன்ற ஊரில் அறிவியல் பயிலும் தமிழ் இளைஞர்க்குப் பஞ்சமில்லை. திங்கள்தோறும் ஒரு கதையைப் படித்து, கூடி விவாதித்து, ஆண்டிறுதியில் வாக்களித்து, வாக்கு எண்ணிக்கையை அனைவரும் காண ஒட்டிவைக்கும் சிறு வட்டம் ஒன்று அங்குத் தொடங்கப்பட்டாலே போதும். பொன்னாடையும் பொற்கிழியும் பின்னர் வரட்டும். வாசகரை உருவாக்காத பரிசு, நீர் பாயாத வயலில் விதைத்த நெல்லாகவே முடியும்.